புதுப்பிப்பு: குறைமாதத்தில் பிறந்த மூன்று குழந்தைகளுக்குத் தாய்ப்பால் போதவில்லை

31 வாரத்தில் பிறந்து, இன்குபேட்டரில் இருக்கும் என் மூன்று குழந்தைகளுக்கும் பால் போதவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, 'கங்காரு முறையில் குழந்தையை மார்போடு அணைத்திருந்துவிட்டு உடனே பால் எடுங்கள்' என்ற யோசனைதான். மூவரையும் முறைவைத்து அணைக்கிறேன். இறக்கியதும் பம்பு, கடைசிச் சொட்டுகளைக் கையால் பீய்ச்சுகிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பதை இரவிலும் விடுவதில்லை. பால் கூடும்வரை தாய்ப்பால் வங்கி கைகொடுத்தது. தானப் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் பதப்படுத்திய பிறகே தருகிறார்கள். பூண்டும் வெந்தயமும் எனக்கு வித்தியாசம் காட்டவில்லை.

எதிர்பாராதது: மூவரில் சின்னவள், மூக்குக் குழாயில் பால் இறங்கும்போதே மார்பைத் தேடிச் சப்புகிறாள். "வாய் பழகட்டும், விடுங்கள் அம்மா" என்றார் செவிலியர். குழாயை இன்னும் எடுக்கவில்லை.