‘ஸ்போர் பிரிண்ட்’: தூள்படிவு எனலாமா?

வணக்கம். காளான் சொற்பட்டியலில் ஸ்போர் பிரிண்டுக்கு, அதாவது காளான் இனம்பெருக்க உதிர்க்கும் ஸ்போர் என்ற நுண்தூள் தாளில் விழுந்து தங்குவதற்கு, ‘சிதல் அச்சு’, ‘வித்துத் தடம்’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் கிண்டிக் காட்டில் மக்கும் சருகுக்கிடையே விரல்நுனி அளவு வெள்ளைக் காளான்கள் முளைத்துவிடும். தேசியப் பூங்காவுக்குள் பறிக்கக் கூடாது. ஆனால் அடையாறு, வேளச்சேரிப் பக்கம் மரத்தடிகளிலும் இதே கதைதான். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இனம் பிரிக்க, காம்பை நறுக்கிவிட்டு, குடையின் மடிப்புகள் கீழே இருக்கும்படி தாளில் வைத்து, டம்ளரால் மூடி இரவு முழுக்க விட வேண்டும். சின்னக் குடை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் அதன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர். தாளில் பாதி கறுப்பாக இருப்பது அவசியம். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது. காலையில் மடிப்புகளுக்கு நேர் கீழே மெல்லிய தூள் கோடு கோடாக இறங்கியிருக்கும்.

இதில் நாம் பார்ப்பது நிறத்தை. ‘அச்சு’, ‘தடம்’ என்றால் கண் வடிவத்துக்குப் போகும். புதிதாகச் செய்பவர் குடையைத் தாளில் அழுத்தியும் விடுவார், ஈரக்கறைதான் மிஞ்சும். ‘படிவு’ என்றால் ஆற்று வண்டல்போலத் தானாக இறங்கித் தங்குவது. நடப்பதும் அதுவே.

அப்புறம் ‘சிதல்’. பழந்தமிழில் சிதல், சிதலை என்றால் கறையான். நாலடியாரில் ஆலமரத்தை அரிப்பது சிதலை. கறையான் புற்றில் வளரும் டெர்மிட்டோமைசிஸுக்குப் புற்றுக்காளான் என்று பெயர் வைத்திருக்கும் அதே பட்டியலில் சிதலுக்கு வேறு பொருள் தருவது வீண் குழப்பம். ‘வித்து’ என்றாலோ எள்ளும் ஆமணக்கும்தான் நினைவுக்கு வரும். ஸ்போருக்குள் முளைக்கரு கிடையாது. மகரந்தத்தூள் என்கிறோமே, அதே வழியில் ‘தூள்’ போதும்.

நிறத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான் இளசாக இருக்கும்போது மடிப்பும் வெள்ளையாகவே இருக்கும். முதிர்ந்த குடையின் தூள் பச்சை. தின்றால் கடும் வாந்தியும் பேதியும். புற்றுக்காளான் தூளில் இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. கொடிய நச்சுக்காளான்கள் சில அடங்கிய அமானிட்டா பேரினத்துக்கு வெள்ளை, நாம் சமைக்கும் பால் காளானுக்கும் வெள்ளை. ஆகவே வெள்ளை விழுந்தால் சோதனை முடிந்துவிடாது. காம்பைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி, அடியில் கொடிய அமானிட்டாக்களுக்கு இருக்கும் பை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வால்வா எனப்படும் அந்தப் பைக்கு ‘அடிப்பை’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். கொடிய அமானிட்டாக்களின் நஞ்சு சமைத்தாலும் போகாது. உண்டு ஆறு மணி நேரமாவது கழிந்த பிறகே வயிறு காட்டும், அதற்குள் கல்லீரல் பாதிப்பு தொடங்கியிருக்கும்.

பட்டியலுக்கான வரையறை:

தூள்படிவு: காளான் குடையிலிருந்து தானாக உதிர்ந்து தாளில் தங்கும் ஸ்போர்த்தூள், இனம் பிரிக்க இதன் நிறம் பயன்படும், உண்ணத் தகுந்ததா என்பதை இது மட்டும் காட்டாது.