கிளட்ச் பர்ஸுக்குத் தோள் வார் மாட்டினேன், மூலை கிழிந்துவிட்டது. தையலைப் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

துலாக்கட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். தோல் வேலை கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு என் நாத்தனாருக்கு ஒரு கிளட்ச் பர்ஸ் தைத்துக் கொடுத்தேன். 24 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம். 1.2 மி.மீ. கனமுள்ள மாட்டுத்தோல், மரப்பட்டை போட்டுப் பதனிட்டது, சாயம் ஏற்றவில்லை. ஒரே துண்டை மடித்து இரண்டு பக்கமும் கையால் தைத்திருக்கிறேன். பின்பக்கத் தோலே மேலே போய் மடிந்து மூடியாகிறது. லைனிங் கிடையாது. வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது, "இதை எங்கே மாட்டுறது அண்ணி?"

அவள் கேட்டதும் நியாயம்தான். ஐப்பசி கடைசி நாள் காவிரியில் கடைமுழுக்கு. அந்தக் கூட்டத்தில் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் ஈரத்துணிப் பை என்றால் பர்ஸைக் கக்கத்தில்தான் இடுக்க வேண்டும். பின்பக்கத்தின் மேல் மூலைகள் இரண்டிலும் ஓட்டை போட்டு, ஆளுக்கொரு சின்னத் தோல் காது வைத்து ரிவெட் அடித்து, அதில் டி வளையம் கோத்தேன். அதே தோலில் வார் வெட்டி மாட்டினேன்.

காவிரிக்கரையிலேயே வலது மூலை கிழிந்துவிட்டது. நல்லவேளை, பர்ஸ் முழுக்குப் போடுவதற்குள் பிடித்துவிட்டாள். இடது மூலை கிழியவில்லை, ஆனால் நனைந்ததில் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். இன்னொன்று, தோளில் மாட்டினால் பர்ஸ் முன்பக்கம் கவிழ்ந்து மூடி வாயைப் பிளக்கிறது. வாரும் நாலு விரல் நீண்டுவிட்டது.

தையில் வீட்டில் கல்யாணம். அதற்குள் சரிசெய்து கொடுத்தாக வேண்டும். பக்கத் தையலைப் பிரிக்காமல் முடியுமா?

குடந்தை பைக்கடை:

முதலில் சில விவரம் வேண்டும். ஓட்டை ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி? உள்பக்கம் வாஷரோ ஒட்டுத்தோலோ வைத்தீர்களா? பர்ஸுக்குள் என்னவெல்லாம் போகும்? முன்பக்கத் தோல் மூடி மடிகிற இடம்வரை வருகிறதா, கீழேயே நின்றுவிடுகிறதா?

துலாக்கட்டம்:

ஓரத்திலிருந்து 6 மி.மீ. வாஷர் வைக்கவில்லை. ஃபோன், வீட்டுச்சாவி, சில்லறை, பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். எப்படியும் அரைக் கிலோ வரும். முன்பக்கம் மடிப்புக்கு 2 செ.மீ. கீழேயே நின்றுவிடுகிறது.

செம்பட்டுத் தோல்:

கிழிந்ததில் ஆச்சரியமே இல்லை. ஒற்றைத் தோலில், ஓரத்தை ஒட்டி, ஒரே புள்ளியில் மொத்தப் பாரத்தையும் தொங்கவிட்டிருக்கிறீர்கள். சும்மா நிற்கும்போது அரைக் கிலோதான். நடக்கும்போதும் பிள்ளை பிடித்து இழுக்கும்போதும் அது எங்கேயோ போய்விடும். ரிவெட்மேல் குற்றமில்லை, அதற்குக் கீழே பிடிமானம் இல்லை.

கறுப்பு வட்டத்துக்குக் காரணம் வேறு. பட்டைத்தோல் என்றால் அதில் துவர்ப்புச் சத்து இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய், வேலம்பட்டை எதில் பதனிட்டாலும் கதை ஒன்றுதான். அதோடு இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மையாகிவிடும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இரும்பும் கடுக்காயும் சேர்ந்துதான். உங்கள் ரிவெட் பித்தளை மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரும்பாகத்தான் இருக்கும். ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் தூக்கிப்போடுங்கள். கறையை எலுமிச்சைச் சாறு தொட்டு லேசாகத் துடைத்தால் கொஞ்சம் மங்கும். அப்புறம் வெறும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். முதலில் வெட்டி மிஞ்சிய துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வடவாற்றங்கரை:

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? மூடி மடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஐலெட் (ஓட்டைக்கு அடிக்கிற உலோகக் கண்) அடித்துச் சங்கிலியைக் கோத்துவிட்டால் தீர்ந்தது. நெல் காயப்போடும் தார்ப்பாய்க்கு அடிக்கிறோமே, ஆடிக்காற்றையே தாங்குகிறது.

குடந்தை பைக்கடை:

அண்ணே, தார்ப்பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்தை மடித்து, பெரும்பாலும் உள்ளே கயிறு வைத்திருப்பார்கள். ஐலெட் அந்த மடிப்பில்தான் உட்கார்ந்திருக்கும். காற்றைத் தாங்குவது மடிப்பும் கயிறும்தான். நடுத்தார்ப்பாயில் ஓர் ஐலெட் அடித்துக் கட்டிப் பாருங்கள், ஒரே காற்றில் கிழிந்து கையோடு வந்துவிடும். இந்தப் பர்ஸில் மடிகிற இடம் வேறு திறந்து மூடித் திறந்து மூடி நைகிற இடம். அங்கே சங்கிலியும் உரசினால் ஆறு மாதம் தாங்காது.

ஆனால் அண்ணன் சொன்ன தார்ப்பாயிலேயே வழியும் இருக்கிறது. சகோதரி, உங்கள் பர்ஸுக்குள்ளும் ஒரு கயிறு வையுங்கள். அதாவது, பர்ஸ் அகலத்துக்கு உள்ளே குறுக்காக ஒரு தோல் பட்டை. இரண்டு முனையிலும் வளையம். பாரம் ஒரு வளையத்திலிருந்து பட்டை வழியாக அடுத்த வளையத்துக்குப் போய்விடும், பர்ஸ் அந்தப் பட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். முன்பக்கம் 2 செ.மீ. கீழே நிற்பது உங்கள் அதிர்ஷ்டம். பட்டையின் முனைகள் அந்த இடைவெளி வழியாக வெளியே வந்துவிடும், பக்கத் தையலைத் தொடவே வேண்டாம்.

பட்டைக்கு 2 மி.மீ. கனத்தில் தோல் எடுங்கள், 15 மி.மீ. அகலம். டி வளையத்தின் உள் அகலமும் அதே 15 இருக்கட்டும். பெரிதாக வாங்கினால் காது ஒரு பக்கமாக ஒதுங்கிக் கோணும். நீளம் 24 செ.மீ. அதோடு ஒவ்வொரு முனையிலும் மடிக்க 3 செ.மீ. மடிகிற பகுதியைப் பாதிக் கனத்துக்குச் சீவிவிடுங்கள், இல்லையென்றால் கட்டைவிரல் மொத்தத்துக்குப் புடைக்கும். வளையத்தில் பற்றவைத்த இணைப்பு இருந்தால் அது மடிப்புக்குள் மறையும்படி வையுங்கள். வளையத்தை ஒட்டியே முதல் தையல் விழ வேண்டும்.

ஒட்டுவதற்கு எஸ்ஆர் 998 போதும். இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் பிசுக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு அழுத்துங்கள். பசை இடத்தில் பிடித்து வைக்கத்தான், பாரம் தையலுக்கு. பட்டையின் மேல் ஓரம், கீழ் ஓரம் என நெடுக இரண்டு வரிசை தையுங்கள். குறுக்கே நெருக்கமாக ஓட்டை போடாதீர்கள். தினசரி நாட்காட்டித் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ரிவெட் போட்ட மூலைகளை மறைக்க வெளிப்பக்கம் முக்கோணமாக ஒரு துண்டு வைத்து, பட்டையோடு சேர்த்தே தைத்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே நினைத்து வைத்தது மாதிரி இருக்கும்.

துலாக்கட்டம்:

கயிறு என்றதும்தான் புரிந்தது! தையல் மிஷினில் அடிக்கலாமா, கையாலா? பர்ஸ் கவிழ்வதும் இதில் சரியாகுமா?

குடந்தை பைக்கடை:

கையாலேயே, இரட்டை ஊசித் தையல். ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் ஊசி போவதால் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். மிஷின் தையல் ஓர் இடத்தில் விட்டால் வரிசையாகத் தளர ஆரம்பிக்கும். மெழுகு நூல் தையல் நீளத்தைப் போல் நாலு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் தீர்ந்தால் எரிச்சலாக இருக்கும்.

கவிழ்வது வளையம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. பட்டையை மடிப்புக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கீழே இறக்கினால் மறுபடி தலைகுப்புற விழும்.

வார்பிடிக்காரன்:

தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிற வேலை. பை எனக்குத் தெரியாது, வார் தெரியும், அதனால் வாரைப் பற்றி மட்டும்.

பர்ஸ் வெட்டிய தோலிலேயே வார் வெட்டியது முதல் தப்பு. மூட்டுக்கு (தட்டுகிற முகத்துக்கு) ஒரு தோல், வாருக்கு ஒரு தோல் என்றுதான் நாங்கள் வைத்திருக்கிறோம். வாருக்கு எருமை. உங்கள் பர்ஸுக்கு எருமை வேண்டாம், 2.5 மி.மீ. மாட்டுத்தோல் போதும். ஆனால் முதுகுப் பக்கத் தோலில், முதுகுத்தண்டு போகிற வாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும். உங்களுடைய நாலு விரல் நீட்டமும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். துண்டுத் தோலாக வாங்கினால் இரு கையால் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

வெட்டியதும் அளவு வைக்காதீர்கள். ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டி இரண்டு நாள் தொங்கவிடுங்கள். நீள்வது அங்கேயே நீண்டுவிடும். அப்புறம் நாத்தனாரை நிற்கவைத்து, தோளில் ஒரு கயிற்றைப் போட்டுப் பார்த்து அளவு எடுங்கள். பட்டுப்புடவையோடு போடுவதானால் புடவை கட்டியே அளவெடுக்க வேண்டும். முனையில் டாக் ஹூக் (விசைக் கொக்கி) வைத்தால் வேண்டாதபோது கழற்றிவிடலாம்.

துலாக்கட்டம் (மூன்று வாரம் கழித்து):

வேலை முடிந்தது. நீங்கள் சொல்லியும் முதல் தடவை பட்டையைக் கொஞ்சம் கீழே ஒட்டிவிட்டேன், தலைகுப்புறத்தான் விழுந்தது. தைப்பதற்கு முன்னால் கிளிப் போட்டு மாட்டிப் பார்த்ததால் தப்பித்தேன். பசையை மெதுவாகப் பிரித்து மேலே ஏற்றி ஒட்டினேன், இப்போது நேராகத் தொங்குகிறது. எலுமிச்சைக்குக் கறை முழுதாகப் போகவில்லை, முக்கோணத் துண்டு மறைத்துவிட்டது.

காந்தம் ஒட்டாத டி வளையம் மாயவரத்தில் நான் போன கடைகளில் அகப்படவில்லை. நாச்சியார்கோவிலில் விளக்கு வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். பித்தளைக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். குத்துவிளக்கு செய்கிற கைக்கு இது ஒரு வேலையா என்று சிரித்தார். காசு வாங்கவில்லை.

வார் தொங்கவிட்டதில் 3 செ.மீ. நீண்டது. பிறகு பர்ஸில் ஒரு கிலோ அரிசியைப் போட்டு இரண்டு நாள் கதவுக் கொக்கியில் மாட்டி வைத்தேன். அசையவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பட்டை வளையத்தைத் தொடுகிற இடத்தில் பச்சையாக மெழுகு மாதிரி ஏதோ கசிகிறது. ஈர நாளில் அதிகம்.

கொள்ளிடக்கரை:

கடைமுழுக்கு முடிந்த மறுநாள் முடவன் முழுக்குக்கு வந்தவன் மாதிரி கடைசியில் வந்திருக்கிறேன், கடைசிக் கேள்வியாவது எனக்கு மிச்சம் இருக்கிறதே. அது தோலில் உள்ள கொழுப்பும் பித்தளையில் உள்ள செம்பும் சேர்ந்து வருவது. பழைய பெல்ட் பக்கிளின் பின்னாலும் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், காய்ந்த துணியால் அல்லது பல்குத்தும் குச்சியால் எடுத்துவிடுங்கள். தோலுக்கு எண்ணெய் போடும்போது வளையத்தைச் சுற்றிக் கையை அடக்குங்கள். பட்டுப்புடவையில் படாமல் கல்யாணத்தன்று காலையில் ஒருமுறை துடைத்துவிடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பழைய வேட்டித்துணியில் சுற்றி வைக்கலாம்.

துலாக்கட்டம்:

துடைத்தேன், போய்விட்டது. எல்லோருக்கும் நன்றி. வடவாற்றங்கரை அண்ணனுக்கும்தான், தார்ப்பாய் இல்லாவிட்டால் எனக்கு விளங்கியிருக்காது. இப்போது மாமியார் தனக்கும் ஒன்று கேட்கிறார்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா மூன்றும் தனித்தனி அறையில். சுண்ணாம்பு பட்டால் பட்டைத்தோல் என்ன ஆகும் என்று அடுத்த இழையில் கேட்கிறேன்.