அது என்னைத் தெரிந்துதான் கொத்தியது

வெள்ளவத்தையிலிருந்து

எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் ஒரு கொட்டாங்காய் மரம் நிற்கிறது. போன வருடம் அதன் கொப்பு மின்கம்பியில் முட்டுகிறது என்று முறைப்பாடு சொன்னது நான்தான். வெட்ட வந்தவருக்குக் கீழே நின்று கை காட்டியதும் நான்தான். கொப்போடு ஒரு காகக் கூடும் விழுந்தது, பாதிக்குமேல் கம்பித் துண்டுகள். முட்டை இருந்ததா என்று போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் காலை பாண் வாங்கப் போகையில் பின்தலையில் ஓர் அடி. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். மரைன் டிரைவில் எத்தனையோ பேர் நடக்கிறார்கள், அடி எனக்கு மட்டும். இடது சிறகில் ஓர் இறகு குறைந்த காகம். கொப்பை வெட்டியவர் அதே தெருவால் தினமும் போகிறார், அவரை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் அன்று தலைக்கவசம் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அங்கேதான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. முதலில் தங்கைக்கு என் நீலச் சட்டையைப் போட்டு, என் பையையும் கொடுத்து அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் எங்கள் இவருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நானே போனேன். காகம் கம்பியில் இருந்து கீழே பார்த்தது, அவ்வளவுதான். பேக்கரி வாசலில் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைத் தூக்கினேன். டொக். நல்லவேளை ஹெல்மெட் இருந்தது. பாண்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சிரிக்கிறார்.

பிறகு வாசித்துப் பார்த்தால், இதையே ஒருவர் முறையாகச் செய்திருக்கிறார். 2006இல் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஜோன் மார்ஸ்லஃப், குகைமனித முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விட்டார். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தின. அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செய்னியின் முகமூடி போட்டவரைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஆக, முகம் நினைவிருக்கும், அதில் சந்தேகமில்லை. எனக்கு நித்திரையைக் கெடுத்தது வேறு கேள்வி. அதற்குள்ளே கோபம் என்று ஒன்று இருக்கிறதா? அல்லது முகத்தைக் கண்டதும் சிறகு தானாக அடிக்கிறதா? வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று மெய்யியலாளர் தோமஸ் நேகல் 1974இல் கேட்டது இதைத்தான். அதன் மூளையை எவ்வளவு அளந்தாலும், உள்ளேயிருந்து அது எப்படி இருக்கும் என்பது நமக்குக் கிட்டாது என்றார். உங்களில் யாருக்காவது இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

கொட்டாஞ்சேனையிலிருந்து

அக்கா, உங்களுக்குக் காகம், எனக்கு நண்டு. ஞாயிறு என்றால் உயிர் நண்டு வாங்கி, அப்படியே கொதிநீரில் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஒருநாள் ஒன்று சட்டி விளிம்பைக் காலால் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அகப்பைக் காம்பால் காலைத் தட்டிவிடும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது. "அதுக்கு என்ன தெரியும்" என்றார் அம்மா. மகள் தமிழ்ப் புத்தகத்தோடு வந்து, தொல்காப்பியம் நண்டுக்கு நாலறிவு என்கிறது என்றாள். தொடுகை, சுவை, மணம், பார்வை. காது இல்லை, ஆறாவதான மனமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதற்குள் அவளே அதைக் கெடுத்தாள். மக்களை ஆறறிவு உயிர் என்று சொன்ன கையோடு, அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று அதே நூல் கதவைச் சாத்தாமல் விட்டிருக்கிறதாம். நண்டு அந்தப் பக்கத்திலா என்று கேட்டேன், தோளைக் குலுக்கினாள்.

பெல்ஃபாஸ்டில் ரொபர்ட் எல்வூட் என்பவர் வெறும் சங்கு ஓடுகளுக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளின் ஓட்டுக்குள் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்து, 2009இல் எழுதியிருக்கிறார். பிடிக்காத ஓட்டில் இருந்தவை சுலபமாக வெளியே வந்தன. பிடித்த ஓட்டில் இருந்தவை அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகவில்லை. வெறும் அனிச்சை என்றால் ஓட்டின் தரத்தை ஏன் பார்க்க வேண்டும்? பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் நண்டு, சிங்க இறால், கணவாய் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்களின் கணக்கில் சேர்த்துவிட்டது.

நண்டுக் கறியை விட்டுவிட்டேன் என்றால் பொய். இப்போது முதலில் பிரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்து விறைக்க விடுகிறேன். அது நண்டுக்கு நல்லதா, எனக்கு நல்லதா என்று கேட்காதீர்கள்.

தெஹிவளையிலிருந்து

குழப்ப வரவில்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நாய் நான் வீட்டுக்கு வரப்போவதை முன்கூட்டியே அறிந்து கேற்றடிக்குப் போகும். இரண்டு வருடம் எல்லோரிடமும் பெருமையடித்தேன். கடைசியில் பார்த்தால், நான் வரும் நேரத்துக்கு மாமி தேத்தண்ணிக்குக் கேத்திலை எடுப்பார், நாய் கேத்தில் சத்தத்துக்கு எழும்புகிறது. பெர்லினில் விடையைக் குளம்பால் தட்டிக் கணக்குப் போட்ட ஹான்ஸ் குதிரையும் இப்படித்தான். கேள்வி கேட்டவர் தன்னையறியாமல் தலையை அசைப்பதைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் காட்டினார். விலங்கு உளவியலாளர் லொயிட் மோர்கன் 1894இலேயே சொன்ன விதி இருக்கிறதே, எளிய காரணம் போதுமென்றால் பெரிய மனத்தைக் கொண்டுவந்து நுழைக்காதே என்று. அக்காவின் காகத்துக்கும் முகமும் பயமும் போதும்.

வெள்ளவத்தையிலிருந்து, மறுபடியும்

சரி தம்பி, கேத்திலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால், எங்கள் இவருக்கு மனம் இருக்கிறது என்பதையும் நான் பேச்சையும் முகத்தையும் வைத்துத்தான் ஊகிக்கிறேன். பேப்பரை விரித்துப் பிடித்தாரென்றால் அந்த ஆதாரமும் போய்விடும்.

இன்னொன்றும் நடந்தது. புரட்டாதிச் சனிக்குப் பால்கனிச் சுவரில் காகத்துக்குச் சோறும் வடையும் வைத்தேன். மற்றவை வந்து தின்றன. இறகு குறைந்தது மட்டும் நான் உள்ளே போகும்வரை கிட்ட வரவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வடைத் துண்டைக் கவ்விப் போய், கறிவேப்பிலைச் சாடிக்குள் மண்ணைக் கிளறிப் புதைத்து, மேலே ஒரு சருகையும் இழுத்து வைத்தது. கேம்பிரிட்ஜில் நேத்தன் எமரியும் நிக்கோலா கிளேட்டனும் 2001இல் காட்டிய ஜே பறவைகள் ஞாபகம் வந்தன. காகக் குடும்பம்தான் அவையும். இன்னொரு பறவை பார்க்க ஒளித்து வைத்ததைப் பிறகு தனியே வந்து இடம் மாற்றுமாம். அதுவும், தான் முன்பு திருடிப் பழகிய பறவைதான் அப்படிச் செய்யுமாம்.

நான் அசையவில்லை. காகம் தலையைச் சரித்து ஜன்னலைப் பார்த்தது. திரைச்சீலை இடுக்கில் என் கண் ஒன்று மட்டும்தான் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு சருகைத் தள்ளி, வடையைத் தோண்டி எடுத்துக்கொண்டு பறந்துவிட்டது.