கிரிக்கெட்டை விட்டுவிட்டு பாக்சிங் போகிறான் அக்கா பையன், எனக்குக் காரணம் விளங்கவில்லை

நீடாமங்கலம்_மாமா:

வணக்கம். அக்கா பையனுக்கு வயது 16. இடது கை வேகப்பந்து. எங்கள் பக்கம் அறுவடை முடிந்து உளுந்து தெளிக்காத வயல் எங்கே கிடக்கிறதோ அங்கே ஸ்டம்ப் நட்டுவிடுவார்கள், அந்த மண்ணிலேயே இவன் போடும் பந்து எகிறும். மாவட்ட அளவில் ஆட ஆள் எடுத்தபோதும் கூப்பிட்டார்கள். நடராஜன் சேலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் 2017-ல் ஐபிஎல்லில் 3 கோடிக்கு ஏலம் போனவர், அவரும் இடது கைதான், அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கனவு. இப்போது நான்கு மாதமாகப் பையன் பேட்டும் தொடவில்லை, பந்தும் தொடவில்லை. வாரத்தில் மூன்று நாள் விடிவதற்கு முன் பஸ் ஏறி தஞ்சாவூர் போய் பாக்சிங் பழகுகிறான். போன வாரம் உதடு கிழிந்து வந்தான். அக்கா அழுகிறாள், மச்சானோ பேசுவதையே நிறுத்திவிட்டார். பணமும் இல்லை, டிவியிலும் காட்டுவதில்லை, ஊரில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. இதை ஒரு பையன் ஏன் தேர்ந்தெடுக்கிறான்? ஆடியவர்கள் யாராவது இருந்தால் மனம் விட்டுச் சொல்லுங்கள். அவனைத் தடுக்க ஆள் தேடி இங்கே வரவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குடந்தை_57கிலோ:

மாமா, நான் ஆடியவன். இப்போது ரயில்வேயில் இருக்கிறேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. ஆனால் அந்த வேலைக்காக நான் பாக்சிங் போகவில்லை, அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது.

பள்ளியில் நான் கபடி. களத்தில் ஏழு பேர், நான் எப்போதும் எட்டாவது. ஒல்லி, 46 கிலோ, பிடித்தால் நிற்கமாட்டேன் என்று உட்காரவைத்துவிடுவார்கள். பஸ்ஸில் போவேன், சட்டைகளைச் சுமப்பேன், கோப்பையோடு எடுக்கும் போட்டோவில் ஓரமாக நிற்பேன். ஒருநாள் பக்கத்து மைதானத்தில் பாக்சிங் பயிற்சி நடந்தது, வேடிக்கை பார்க்கப் போனேன். கோச் என்னைப் பார்த்து முதலில் கேட்டது "எத்தனை கிலோ?" என்றுதான். சொன்னேன். "உன் எடையில் நம்மிடம் ஆள் இல்லை, நாளைக்கு வா" என்றார். எனக்கு அதுவரை ஒல்லி என்பது குறை. அங்கே அது ஒரு இடம். என் எடையில் இருக்கிறவன்தான் எனக்கு எதிரே நிற்பான் என்று கேட்டபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அப்புறம் அடி. முதல் முறை மூக்கில் ஒன்று விழுந்ததும் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அழுகை இல்லை, தானாகவே கொட்டும். ஓடிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் மூன்று நிமிடம் முடியும்வரை கயிற்றைத் தாண்ட முடியாது. மூன்று நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மூன்று, மறுபடி மூன்று. மொத்தம் ஒன்பது நிமிடம்தான் சண்டை. அதற்காக ஆறு மாதம் விடியற்காலையில் காவிரிக் கரையில் ஓடியிருக்கிறேன். போட்டிக்கு முந்தைய நாள் ரைஸ் மில்லுக்குப் போய் நெல் மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று பார்ப்பேன், அரை கிலோ கூடியிருந்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது. இவ்வளவும் பட்டு ரிங்கில் ஏறிவிட்டால், நான் தயாராக வந்தேனா இல்லையா என்பது முதல் நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. உங்கள் பையனுக்கும் அதுதான் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டுக்கோட்டை_பிடி_மாஸ்டர்:

22 வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகள் எல்லா விளையாட்டையும் வரிசையாக வைத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை சார். தன்னை யாரோ ஒருவர் கவனித்துப் பார்க்கிற இடத்துக்குப் போகிறார்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். மேரி கோம் முதலில் ஓட்டமும் ஈட்டி எறிதலும் செய்தவர். அவர் மாநிலமான மணிப்பூரைச் சேர்ந்த டிங்கோ சிங் 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் பாக்சிங்கில் தங்கம் வாங்கினார், அதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். விஜேந்தர் சிங்கின் அப்பா பஸ் டிரைவர். அண்ணனுக்கு பாக்சிங்கால் ராணுவ வேலை கிடைத்தது, தம்பி பின்னாலேயே போனார், 2008-ல் பெய்ஜிங்கில் வெண்கலம். வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரையே உண்டு, அங்கே பையன்கள் குத்துச்சண்டையைப் பார்த்தே வளர்வார்கள். நம் டெல்டாவில் அப்படி இல்லை. இங்கே திருவிழா என்றால் சிலம்பம், பொங்கல் என்றால் கபடி. அதனால் இங்கே ஒரு பையன் பாக்சிங் போகிறான் என்றால் ஊர் வழக்கத்தால் போகவில்லை, தன் மனதால் போகிறான்.

பணக் கணக்கையும் நேராகப் பார்ப்போம். ஐபிஎல்லில் 10 அணி, அணிக்கு அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டுக்காரர்கள் போக மிச்சம்தான் நம் நாடு முழுவதுக்கும். கிரிக்கெட்டில் பணம் இருப்பது உண்மை, அது உங்கள் வீட்டுக்கு வரும் என்பது வேறு விஷயம். பாக்சிங்கில் பதக்கம் எடுத்தால் ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று கதவு உண்டு, தமிழக அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. 2018-ல் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்த பிறகு என்னிடம் படித்த பிள்ளைகள் மாதச் சம்பளம் என்ற சொல்லையே வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள். அதனால் பணமே இல்லாத விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்.

ஒரத்தநாடு_ரைடர்:

எல்லோரும் பாக்சிங்கை ஏற்றிப் பேசுகிறீர்கள், கபடிக்காரனாக ஒன்று சொல்ல வேண்டும். குடந்தை அண்ணே, உங்களை உட்காரவைத்தது கபடி இல்லை, உங்கள் கேப்டன். நாங்கள் ஏழு பேரும் ஒரே தெரு. நான் ரெய்டு போய் மாட்டினால் என்னை மறுபடி உள்ளே கொண்டுவர ஒருவன் உயிரைக் கொடுத்து ஆடுவான், இதை பாக்சிங்கில் காட்டுங்கள் பார்க்கலாம். பணமும் இப்போது வந்துவிட்டது, 2022-ல் ப்ரோ கபடி ஏலத்தில் ரைடர் பவன் செராவத்தை தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்கு எடுத்தது.

ரிங்கில் நியாயம் தானாகக் கிடைத்துவிடும் என்பதையும் நான் நம்பமாட்டேன். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் மூன்று ரவுண்டும் கொரியாக்காரரை வெளுத்தார், நடுவர்கள் முடிவு 3-2 என்று எதிராளிக்குப் போனது. ரியோ 2016-ல் நடுவர்கள் மேல் அவ்வளவு புகார், பிறகு 36 நடுவர்களையும் ஒதுக்கிவைத்தார்கள். அணியில் தோற்றால் அழவாவது ஏழு பேர் இருப்போம். அங்கே தனியாக அழ வேண்டும்.

குடந்தை_57கிலோ:

தம்பி, நடுவர் விஷயத்தில் நீ சொல்வது சரி. நானும் அப்படி ஒரு தோல்வி பட்டிருக்கிறேன், இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்றைக்கு யார் ஜெயித்தது என்று எனக்கும் தெரியும், எதிரே நின்றவனுக்கும் தெரியும். இறங்கும்போது அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தனியாக ஆடுகிறோம் என்பதும் முழு உண்மை இல்லை. காலையில் நான் குத்திப் பழக கையில் மிட் என்ற மெத்தையைப் பிடித்தவன், கையில் துணி சுற்றிவிட்டவன், தன் க்ளவுஸைக் கழற்றிக் கொடுத்தவன், எல்லோரும் மூலையில்தான் நிற்பார்கள்.

மாயவரம்_ஷேடோ:

நான் கல்லூரி இரண்டாம் வருடம், பெண். மாமா, உங்கள் பையனுக்காவது இரண்டில் ஒன்று என்று தேர்ந்தெடுக்க இருந்தது. எங்கள் ஊரில் பெண்கள் கிரிக்கெட் ஆட பதினொரு பேர் எங்கே சேர்வது? பாக்சிங்குக்கு நான் ஒருத்தி போதும். ஒரு மூட்டையில் பழைய துணியும் மணலும் அடைத்து வேப்பமரத்தில் கட்டித்தான் ஆரம்பித்தேன். நிகத் ஜரீன் கூட முதலில் ஓட்டக்காரிதான், 2022-லும் 2023-லும் பாக்சிங்கில் உலக சாம்பியன் ஆனார்.

முன்பெல்லாம் ராத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டே நடப்பேன். இப்போது அப்படி நடப்பதில்லை. யாரையும் அடித்ததில்லை, அடிக்கப் போவதும் இல்லை. அம்மா முதலில் "மூஞ்சி போயிடும்டி, யாரு கட்டிப்பா" என்று சண்டை போட்டாள், இப்போது என் எடைக்கு ஏற்ற மாதிரி சோறு அளந்து வைக்கிறாள்.

ஆனால் உங்கள் அக்காவின் பயத்தைச் சும்மா என்று சொல்லமாட்டேன். தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவது மூளைக்குக் கெடுதல். போட்டி வருடத்துக்குச் சிலதான் வரும், பயிற்சியில் வாங்கும் அடிதான் சேரும். அதனால் பயிற்சி நடக்கும் இடத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். எடை கூடியவனோடு மோத விடுகிறார்களா, தலைக்கவசம் போடுகிறார்களா, தலை சுற்றுகிறது என்று பையன் சொன்னால் நிறுத்துகிறார்களா, இந்த மூன்றையும் கண்ணால் பாருங்கள். இல்லை என்றால் வேறு கோச்சைத் தேடுங்கள்.

நீடாமங்கலம்_மாமா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் படித்துவிட்டு அவனிடமே கேட்டேன், இத்தனை நாளும் ஒருவரும் அவனிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான், "மாமா, நான் பந்து போட ஓடும்போதெல்லாம் அப்பா, நீங்க, எல்லாரும் என் கூடவே ஓடி வர்ற மாதிரி இருக்கும். அங்க நான் மட்டும்தான் இருக்கேன்." எனக்குப் பதில் வரவில்லை.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன், மாயவரம் பாப்பா சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டு வருகிறேன். மச்சானிடம் இன்னும் பேசவில்லை. அவன் பல்லுக்கு ஒன்று வேண்டும் என்கிறான், வெந்நீரில் போட்டுக் கடித்தால் பல் வரிசைக்கு ஏற்றபடி படியுமாமே, அது தஞ்சாவூரிலேயே கிடைக்குமா, இல்லை திருச்சி போக வேண்டுமா?