ஏசி அறையில் மதியத் தலைவலி, காலையில் பூஞ்சை வாடை: எங்கே தொடங்குவது?

கேள்வி: பல்கலைக்கழகத் துறையில் 8 பேர் உட்காரும் அறை. இரண்டு ஸ்பிளிட் ஏசி, ஜன்னல்கள் எப்போதும் மூடல். மதியத்துக்கு மேல் தலைவலி, அசதி. காலையில் கதவைத் திறந்தால் பூஞ்சை வாடை. பராமரிப்புப் பிரிவு ஃபில்டரைக் கழுவியாயிற்று. வேறென்ன பார்க்கச் சொல்லலாம்?

பதில் 1: ஃபில்டர் கழுவினால் தூசி குறையும், அவ்வளவுதான். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றிவிடும். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை நேரடியாக அளப்பது) உள்ள கார்பன் டை ஆக்சைடு மீட்டரை மேசை உயரத்தில், யார் மூச்சும் நேரே படாமல் வையுங்கள். வெளியே சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டியே நின்றால் காற்றோட்டம் போதவில்லை. மலிவு மீட்டர்கள் பல வேறு வாயுக்களை வைத்து ஊகிப்பவை, சானிடைசர் தெளித்தாலே எகிறும்.

பதில் 2: வாடைக்கு, ஏசிக்குள் காற்றைத் தள்ளும் ப்ளோயர் உருளையில் டார்ச் அடியுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் கழற்றித்தான் கழுவ வேண்டும், மேலாக ஸ்ப்ரே அடிப்பது வீண். ஏசித் தண்ணீர் வெளியேறும் வடிகுழாய்க்குச் சரிவு இல்லையென்றால் உள்தட்டில் தண்ணீர் தேங்கி வாடை மறுபடி வரும்.

பதில் 3: எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள், விடாதீர்கள். வெளிக்காற்று நுழைய எதிர்ச்சுவரில் வழி வேண்டும். இல்லையேல் கதவிடுக்கு வழியே பக்கத்துக் கழிவறைக் காற்றைக்கூட இழுக்கலாம். புகாரில் "காற்று சரியில்லை" என்று எழுதாமல் நேரம், இருக்கை, ஆட்கள் எண்ணிக்கை, மீட்டர் அளவு போட்டு ஒரு வாரப் பட்டியல் இணையுங்கள்.