வெள்ளவத்தை வகுப்புக்கு விமான நிலைய டவர் அனுபவமுள்ளவர்கள் தேவை

வணக்கம். உயர்தரம் முடித்த பிள்ளைகளை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்குத் தயார்படுத்த, வெள்ளவத்தையில் ஞாயிறு வகுப்பு தொடங்குகிறோம். லைசென்ஸ் தருவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. வேலைக்கு எடுப்பது விமான நிலைய, விமான சேவைகள் நிறுவனம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் நிற்பவர்கள் அதிகம்.

முதல் தேவை, ரேடியோ ஆங்கிலத்துக்கு ஒருவர். சர்வதேச விதிப்படி ஆங்கிலத் தேர்ச்சியில் நான்காம் நிலை வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம், சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் ஆகிய ஆறிலும் ஆகக் குறைந்த புள்ளிதான் இறுதி நிலை, சராசரி பார்ப்பதில்லை. இலக்கணத்தில் கெட்டிக்காரப் பிள்ளை புரிதலில் மூன்று எடுத்தால் முடிவும் மூன்றுதான். கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்வதில் பிழை பிடிக்கும் பயிற்சிதான் முக்கியம். விமானத்தின் உயரமானியைச் சரிசெய்யும் காற்றழுத்த எண்ணான கியூ.என்.எச்.ஐ 1005 என்று கொடுக்க, அவர் 1009 என்கிறார். அது காதில் விழாமல் போனால் விமானம் நினைப்பதைவிடச் சுமார் 110 அடி தாழ்வாகப் பறக்கும். ஐந்தை ‘ஃபைஃப்’, ஒன்பதை ‘நைனர்’ என்று சொல்வது இதற்காகத்தான். ஓய்வுபெற்ற கட்டுப்பாட்டாளர் யாராவது வாரம் ஒரு மணித்தியாலம் விமானியாகப் பேசி, வேண்டுமென்றே பிழை விட முடியுமா?

அடுத்தது, இஷிஹாரா அட்டையில் நிறப்பார்வை சோதிக்க ஒரு கண் வைத்தியர். கட்டுப்பாட்டாளருக்கான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்குக் கண்ணாடி தடையில்லை, போட்ட பிறகு பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். நிறக்குறைபாடு அப்படியல்ல, பிள்ளைகள் காசு செலவழிக்க முதல் தெரிய வேண்டும்.

லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும் என்பதால் அவசரமில்லை. உட்பெட்டியில் எழுதுங்கள்.