வீவக வீட்டில் வளரும் நாய்க்குட்டிக்குப் பொறுமையைப் பழக்குவது எப்படி?

செங்காங் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரின் செங்காங்கில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நான்கறை அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். நான்கு மாதம் நிரம்பிய மினியேச்சர் ஷ்னாவுசர் ஆண் குட்டி ஒன்றை வளர்த்து வருகிறோம். அதன் நிறத்தைப் பார்த்து என் மகள் மிளகு என்று பெயர் வைத்தாள். உட்கார், படு, வா ஆகிய மூன்று சொற்களுக்கும் மிளகு நன்றாகவே இணங்குகிறது. ஆனால் ஆசைப்பட்ட எதையும் அந்தக் கணமே அடைந்துவிட வேண்டும் என்று துடிக்கிறது. நொடி நேரம்கூடப் பொறுப்பதில்லை.

மின்தூக்கியின் கதவு திறந்தவுடன், உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவதற்குள் பாய்ந்துவிடுகிறது. எங்கள் தளத்தில் சிறு குழந்தைகளுள்ள மலாய்க் குடும்பத்தினர் இருக்கிறார்கள். மிகவும் அன்பானவர்கள். ஆனால் நாயின் எச்சில் தங்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்வது அவர்களுக்கு முக்கியம் என்பதால், மிளகால் அவர்களுக்குச் சங்கடம் வந்துவிடக் கூடாது என்று நான் மிகவும் கவலைப்படுகிறேன். கீழே காப்பிக் கடையைக் கடக்கும்போது புல்தரையில் கிடக்கும் கோழி எலும்பைக் கண்ணிமைப்பதற்குள் கவ்விவிடுகிறது. வீட்டில் என் மாமனார் சாப்பிட அமர்ந்தால் அவர் முழங்கால் மேல் முன்கால்களை வைத்துக்கொண்டு குரைக்கிறது; அவரும் மனம் கேளாமல் வடையில் ஒரு துண்டைக் கிள்ளிப் போடுகிறார். பொழுது சாய்ந்ததும் கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடி, மகளின் பாவாடையைப் பற்றி இழுக்கிறது.

ஒரு வயதானால் தானாகவே அடங்கிவிடும் என்று தோழி ஒருவர் சொல்கிறார். அது வரை காத்திருக்கலாமா, இந்த வயதிலேயே பழக்க முடியுமா? முடியும் என்றால் எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பீஷான் நடையர்:

வணக்கம் சகோதரி. தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். ஏறத்தாழ ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்களுக்கு விடலைப் பருவம். அதுவரை கற்றதே தளர்ந்துபோவது போலத் தோன்றும் காலம் அது. அதற்குள் அடித்தளம் போட்டிருந்தால்தான் அந்தக் காலத்தைத் தாண்டுவது எளிதாக இருக்கும். நான்கு மாதக் குட்டியால் சில நொடிகள்தாம் பொறுக்க முடியும். அந்தச் சில நொடிகளை வைத்துக்கொண்டே தொடங்கலாம்.

நாயைப் பிடித்து நிறுத்துவது பொறுமைப் பயிற்சி ஆகாது. வாரை இறுக்கிப் பிடித்து நிறுத்தினால் நிறுத்துவது நீங்கள்தான்; நாய் எதையும் முடிவு செய்யவில்லை. பாய்ந்தால் கிடைக்காது, பின்வாங்கினால் கிடைக்கும் என்பதை அது தன் அனுபவத்தால் கண்டுகொள்ள வேண்டும். இதற்காகவே கனடாவைச் சேர்ந்த பயிற்சியாளர் சூசன் கேரட் பரவலாக்கிய கைமூடிப் பயிற்சியிலிருந்து தொடங்குமாறு எல்லாரிடமும் சொல்வேன்.

மிளகு அன்றாடம் உண்ணும் உலர் உணவிலிருந்து கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். தரையில் அமர்ந்து, மூடிய கையை அதன் மூக்கின் உயரத்தில் அசையாமல் நீட்டுங்கள். முதலில் நக்கும், முன்காலால் பிறாண்டும், விரல் இடுக்கில் பல்லை நுழைக்கப் பார்க்கும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கையையும் பின்னால் இழுக்க வேண்டாம். இழுத்தால் துரத்தும் விளையாட்டாகிவிடும். பல் கூர்மையாக இருக்கும் வயது என்பதால் தோட்டவேலைக்குரிய கையுறை அணிந்துகொண்டாலும் தவறில்லை. சற்று நேரத்தில் அலுத்துப்போய் மூக்கை ஒரு விரல்கடை பின்னால் எடுக்கும். அந்த நொடியிலேயே "சபாஷ்" என்று சொல்லிக் கையைத் திறவுங்கள். திறந்த கையை நோக்கிப் பாய்ந்தால் மறுபடி மூடிவிடுங்கள். பாயாமல் நின்றால், மற்றொரு கையால் ஓர் உணவு மணியை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டில் வாய்க்கு வாய் "சரி" என்று சொல்லிக்கொண்டிருப்போம் என்பதால், பாராட்டுக்கு வேறொரு சொல்லைப் பயன்படுத்துவது நல்லது. வீட்டிலுள்ள அனைவரும் அதையே சொல்ல வேண்டும்.

திறந்த உள்ளங்கையில் உணவு இருக்கும்போதே குட்டி உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினால், கருத்து பதிந்துவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு உணவைத் தரையில் வைத்து, தேவைப்பட்டால் கையால் பொத்திப் பழக்குங்கள். பிறகு நின்றுகொண்டு, காலால் மறைக்கத் தயாராக இருந்தபடி பழக்குங்கள். பிறகு வாரில் கட்டி, அந்த உணவைக் கடந்து நடந்து பழக்குங்கள். "விடு" என்ற கட்டளையை இந்தக் கட்டத்தில் சேர்த்தால் போதும். பின்வாங்கவே தெரியாத குட்டியிடம் முதல் நாளிலிருந்தே "விடு, விடு" என்று கத்தினால், பாய்வதற்கான பின்னணி இசையாக அந்தச் சொல் மாறிவிடும். காப்பிக் கடை எலும்பு இந்த வரிசையில் கடைசிப் பாடம். அது வரை அந்தப் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். எலும்பை ஒரு முறை கவ்வி விழுங்கிவிட்டாலே, பாய்ந்தால் கிடைக்கும் என்ற எதிர்ப்பாடத்தை அது கற்றுவிடுகிறது.

சாப்பாட்டுக் கிண்ணத்திலும் இதையே செய்யலாம். கிண்ணத்தை மெதுவாகக் கீழே இறக்குங்கள். எழுந்து பாய்ந்தால் கிண்ணம் மேலே போகட்டும், உட்கார்ந்தால் மீண்டும் இறங்கட்டும். தரையைத் தொட்டவுடன், ஒரு நொடி பொறுத்ததற்கே "சாப்பிடு" என்று விட்டுவிடுங்கள். அது உண்ணத் தொடங்கிய பிறகு கிண்ணத்தைப் பறிப்பதோ உள்ளே கையை விட்டு அளைவதோ கூடவே கூடாது. அப்படிச் செய்தால் உணவைக் காத்துக்கொள்ள உறுமும் பழக்கம் வந்துவிடக்கூடும்.

ஒவ்வொரு பயிற்சியும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நாளில் பல முறை, சாப்பாட்டுக்கு முன் பசியோடு இருக்கும் வேளைகளில் செய்யுங்கள். காத்திருக்கும் நேரம், நீங்கள் விலகி நிற்கும் தூரம், சுற்றியுள்ள சலசலப்பு ஆகிய மூன்றில் எதையேனும் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைத்துவிடுங்கள். வீட்டில் பத்து நொடி காத்திருக்கும் குட்டி கீழ்த்தளத்தில் ஒரு நொடிதான் காத்திருக்கும் என்பதை எதிர்பார்த்தே செல்லுங்கள்.

தோபாயோ வாசகி:

மேலே உள்ளவர் விரிவாக எழுதிவிட்டார். மாலை ஓட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்த வயதுக் குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் வரை தூங்கும். தொலைக்காட்சி, பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள், வந்து போகும் விருந்தினர் என்று இருக்கும் வீட்டில் அந்த அளவுக்குத் தூக்கம் கிடைப்பதே இல்லை. மாலையில் கண் மண் தெரியாமல் ஓடிக் கடிப்பது பெரும்பாலும் களைப்பின் வெளிப்பாடு. அந்த நேரத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது. பிற்பகலில் அறை ஒன்றில் தடுப்பு வைத்து, விசிறியைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு உறங்க விடுங்கள். பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கும் காலமும் இதுவே என்பதால், மெல்லுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட ரப்பர் பொம்மையைக் குளிரூட்டிக் கொடுத்தால் ஈறு அரிப்பு தணியும்.

ஜூரோங் மூத்தவர்:

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பத்து (கிராமத்து) வீட்டில் நாங்கள் நாய் வளர்த்த காலத்தில், தவறு செய்தால் கழுத்துப்பட்டையைச் சுண்டி இழுத்து ஓர் அதட்டல் போடுவோம், அது அடங்கிவிடும். யார் தலைவர் என்பது நாய்க்குத் தெரிய வேண்டும். தின்பண்டத்தைக் காட்டியே பழக்கினால், கையில் தின்பண்டம் இல்லாத நாளில் அது யார் பேச்சையும் கேட்காது அல்லவா?

விலங்கு மருந்தக ஊழியர்:

ஐயா, உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. பலர் உணவைக் காட்டி நாயைக் கூப்பிடுவதால் வரும் குறை அது. உணவை முன்னே காட்டுவது ஒன்று. நாய் சரியாக நடந்துகொண்ட பின் எடுத்துக் கொடுப்பது வேறொன்று. கைமூடிப் பயிற்சி இரண்டாவது வகை. மேலும், பரிசு உணவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விலங்கு தானாக விரும்பிச் செய்யும் செயலையே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்று டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் விளக்கினார். கதவருகே உட்கார்ந்தால் கதவு திறக்கிறது, வாரை இழுக்காமல் நின்றால் மரத்தை மோந்து பார்க்கப் போகலாம் என்றாகும்போது, வெளியுலகமே பரிசாகிவிடுகிறது.

ஆனால் சுண்டி இழுப்பதை நான் ஏற்க முடியாததற்கு மன்னியுங்கள். சிறு இன நாய்களின் மூச்சுக்குழல் மென்மையானது. கழுத்தில் விழும் இழுப்பு அதற்குக் கேடு. அதனால்தான் மார்புப்பட்டையைப் பரிந்துரைக்கிறோம். அதோடு, குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி விழுந்தால், குழந்தை என்றாலே வலி என்று அந்த நாய் இணைத்துக்கொள்ளக்கூடும். அண்டை வீட்டுக் குழந்தைகளை எண்ணிக் கவலைப்படும் சகோதரிக்கு அதைவிடப் பெரிய இடர் வேறில்லை.

சகோதரி, வடையை நிறுத்தியே ஆக வேண்டும். மினியேச்சர் ஷ்னாவுசர் இனத்துக்கு இரத்தத்தில் கொழுப்பு மிகும் இயல்பும் கணைய அழற்சி வரும் வாய்ப்பும் அதிகம். எண்ணெயில் பொரித்தவை, நெய், கோழித்தோல் எதுவும் வேண்டாம். வடையிலும் குழம்பிலும் இருக்கும் வெங்காயமும், பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் நாய்களுக்கு நஞ்சு. பயிற்சிக்குச் சற்றுச் சுவையான பரிசு வேண்டுமென்றால், உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவை அன்றைய உணவிலிருந்து கழித்துவிடுங்கள்.

வாயில் எலும்பைக் கவ்விவிட்டால் துரத்தாதீர்கள். துரத்தினால் அவசரமாக விழுங்கும். அதனால் வாயில் இருப்பதை விட்டுக்கொடுக்க முன்கூட்டியே விளையாட்டில் பழக்குங்கள். கயிற்றுப் பொம்மையை இருவரும் இழுத்து விளையாடும்போது நீங்கள் சட்டென்று அசைவை நிறுத்திப் பொம்மையை உங்கள் உடலோடு ஒட்டிப் பிடியுங்கள். அசையாத பொம்மையில் சுவை இல்லை என்று அது வாயைத் திறந்தவுடன் பாராட்டி, விளையாட்டை மறுபடி தொடங்குங்கள். விட்டுக் கொடுத்தால் இழப்பு இல்லை, விளையாட்டு தொடர்கிறது என்பது புரிந்த நாய்தான் தெருவிலும் வாயைத் திறக்கும். உச்ச உற்சாகத்திலிருந்து நொடியில் அமைதிக்கு இறங்கப் பழகுவதற்கும் இதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது.

செங்காங் வாசகி:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கைமூடிப் பயிற்சியை உடனே தொடங்கிவிட்டோம். மகள்தான் முதலில் அமர்ந்தாள். இரண்டு ஐயங்கள் உள்ளன. மின்தூக்கி நம் கட்டுப்பாட்டில் இல்லையே, அங்கே எப்படிப் பழக்குவது? மாமனார் மிகுந்த பாசக்காரர்; "மிளகுக்குக் கொடுக்காதீர்கள்" என்று அவரிடம் சொன்னால் மனம் வருந்துவார். இதை எப்படிக் கையாள்வது?

பீஷான் நடையர்:

மின்தூக்கிப் பழக்கத்தை எங்கும் போகத் தேவையில்லாத நேரத்தில் செய்யுங்கள்; அவசரமாகக் கீழே இறங்க வேண்டிய வேளையில் பழக்க முடியாது. காலை பத்து மணிபோல் ஆள் நடமாட்டம் குறைந்திருக்கும்போது, மிளகை மார்புப்பட்டையுடன் அழைத்துச் சென்று கதவிலிருந்து நான்கைந்து அடி தள்ளி, சுவரோரமாக நில்லுங்கள். பொத்தானை அழுத்துங்கள். கதவு திறக்கும் ஓசைக்கு அது உங்களைத் திரும்பிப் பார்த்தால் பாராட்டிப் பரிசு கொடுங்கள். மின்தூக்கியை வெறுமனே போகவிடுங்கள். திறக்கும் கதவு பாய்வதற்கான அழைப்பு அல்ல, உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கான அறிகுறி என்று அதற்குப் பதியும் வரை உள்ளே ஏறவே வேண்டாம். பிறகு ஓரடி ஓரடியாக நெருங்குங்கள். உள்ளே ஆள் இருந்தால், "நீங்கள் போங்கள், நாங்கள் அடுத்ததில் வருகிறோம்" என்று புன்னகையோடு சொல்லிவிடுங்கள். உங்கள் மலாய் அண்டை வீட்டாருக்கு அந்த ஒரு சொல்லே பெரிய ஆறுதலாக இருக்கும்; மிளகுக்கும் கூடுதலாக ஒரு பயிற்சி கிடைக்கும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் வாரைக் குட்டையாகப் பிடித்து, நாயை உங்கள் காலோடு ஒட்டி வைத்திருங்கள். மெல்லிய வார் கதவிடுக்கில் மாட்டினால் கதவின் உணரிகள் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம்; நாய் ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமுமாக மின்தூக்கி நகர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நீண்டு சுருங்கும் வாரை மின்தூக்கிக்குள் பயன்படுத்தவே வேண்டாம். பழக்கம் உறுதிப்படும் வரை அவசர நேரங்களில் தூக்கிக்கொண்டு ஏறுவதுதான் நல்லது. சிறு நாய் என்பதால் அந்த வசதி உங்களுக்கு இருக்கிறது.

மாமனாரைப் பொறுத்தவரை, கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, கொடுக்கும் பொறுப்பையே அவரிடம் ஒப்படையுங்கள். அவர் நாற்காலியிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சிறு விரிப்பைப் போடுங்கள். மிளகின் இரவு உணவிலிருந்து ஒரு பங்கைக் கிண்ணத்தில் எடுத்து அவர் தட்டருகே வையுங்கள். மிளகு விரிப்பில் நான்கு காலும் பட நின்றால் ஓர் உணவு மணி, படுத்தால் இரண்டு உணவு மணிகள் என்று அவர் விரிப்பின் மேல் போடட்டும். முழங்காலில் ஏறினால் ஒன்றும் கிடைக்காது, விரிப்புக்குத் திரும்பினால் மீண்டும் மழை. தொடக்கத்தில் சில நொடிக்கு ஒன்றாகப் போட வேண்டியிருக்கும். போகப் போக இடைவெளியை நீட்டலாம்.

ஒன்றை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது வரை குரைத்துப் பெற்றது திடீரென்று கிடைக்காமல் போனால், அது முதல் சில நாட்களுக்கு முன்னைவிட உரக்கக் குரைக்கும். பயிற்சி பலிக்கவில்லை என்று எண்ணி அப்போது ஒரு துண்டைப் போட்டுவிட்டால், இன்னும் உரக்கக் குரைத்தால் கிடைக்கும் என்றே அது கற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை மகள் மிளகை வாரில் பிடித்தபடி விரிப்பின் அருகே அமர்ந்திருந்தால், மாமாவுக்கும் மனம் இளகாது.